பேசக் கூடாத இன்னிங்ஸ்

மாநிலப் போட்டிக்கு டேரில் ப்ரான்ட்டைச் சேர்த்துக்கொள்ளப் போவதாக ஆம்புரோஸ் சொல்ல வந்தபோது, நார்பர்ட் வொக்கன் தன் பால் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை. அவன் படுத்திருந்த இடத்திலிருந்து ஆம்புரோஸின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

ஆம்புரோஸ் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். செயின்ட் லாம்பர்ட் பேஸ்பால் அணியின் மேலாளரும் அவர்தான். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு.

"ஹோல்டன் பையன்தான் நார்ப். டேரில்."

"எந்த டேரில்னு தெரியும்."

"அவங்க அணி தோத்துடுச்சு. நாம எடுக்கலேன்னா வேற ஊர்க்காரன் எடுத்துடுவான். அப்புறம் அவன் பந்தை நாம ஆட வேண்டி வரும்."

மாநிலப் போட்டிக்குத் தேறிய அணி, அந்த வட்டாரத்தில் தோற்றுப்போன அணிகளிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஊர் ஆட்டத்தின் விதி. எல்லா ஊரும் செய்வதுதான். ஆனால் செயின்ட் லாம்பர்ட்டுக்காகப் பதினான்கு கோடைகள் பந்து வீசியவன் நார்பர்ட். அந்த ஊர் ஒருமுறைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. இந்த வருடம்தான் போகிறது, அதுவும் அவன் தோளைக் கொண்டு. இப்போது வாசல் வரை போன பிறகு, உள்ளே நுழைய வேறொருவனைக் கூப்பிடுகிறார்கள்.

"உங்க அணி, உங்க இஷ்டம்," என்றான் லாரிக்கு அடியிலிருந்து.

பூட்ஸ் திரும்பிப் போனது.

பக்கத்து ஊரான ஹோல்டனைச் சேர்ந்த டேரிலுக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரி அணியில் ஆடிவிட்டுக் கோடைக்கு ஊர் திரும்பியவன். நீளமான கைகள். வீசுவதைப் பார்த்தால் எந்தச் சிரமமும் இல்லாதது போல் இருக்கும். பந்து மட்டும் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறையில் போய்ப் பலகை உடைவது போலச் சத்தமிடும். நார்பர்ட் ஒவ்வொரு ஞாயிறும் வீசிவிட்டு வந்து, தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருகிறவன். முட்கரண்டியை இடது கையால் பிடிக்கப் பழகியிருந்தான்.

அவர்களுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. ஜூன் மாதம் ஹோல்டன் மைதானத்தில் நார்பர்ட் வீசிய பந்தை டேரில் வேலிக்கு அப்பால், சோளக்காட்டுக்குள் அடித்தான். அடித்தவன் ஓட வேண்டும். அதுதான் மரியாதை. எந்தப் புத்தகத்திலும் எழுதியிராது. ஆனால் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். டேரில் ஓடவில்லை. நின்று, பந்து போன திசையை ரசித்துப் பார்த்துவிட்டு, மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்துவிட்டு, கோயில் ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி மைதானத்தின் நான்கு மூலைகளில் இருக்கும் பேஸ்களையும் சுற்றி வந்தான்.

அடுத்த முறை அவன் மட்டையோடு வந்து நின்றபோது நார்பர்ட் முதல் பந்தையே அவன் விலாவில் வீசினான். தலைக்கு வீசக் கூடாது, விலாவுக்கோ தொடைக்கோ வீசலாம். அதுவும் எழுதாத விதிதான். வாங்கியவன் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கக் கூடாது. டேரில் தடவவில்லை. மட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பந்து உடம்பில் பட்டவனுக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸுக்கு நடந்தான். இரண்டு ஊர்க்காரர்களும் கணக்குச் சரியாகிவிட்டது என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

நார்பர்ட்டுக்குச் சரியாகவில்லை. மட்டையை எறிந்ததற்காக அவன் அந்தப் பந்தை வீசவில்லை. பந்து சோளக்காட்டை நோக்கிப் பறந்தபோது, செயின்ட் லாம்பர்ட்காரர்கள் உட்கார்ந்திருந்த பலகைகளிலிருந்தே ஒரு பெருமூச்சு எழுந்தது. அதில் அவன் மனைவி ரீட்டாவும் இருந்தாள். அன்று வண்டியில் வரும்போது, "எவ்வளவு தூரம் போச்சு பாத்தியா," என்று சொல்லிவிட்டு உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் வீசிய பந்துக்கு அந்தப் பலகைகளிலிருந்து யாரும் அப்படி மூச்சு விட்டதில்லை.

மாநிலப் போட்டியின் முதல் இரண்டு வாரக் கடைசிகளிலும் டேரில் வீசினான். செயின்ட் லாம்பர்ட் ஜெயித்தது. நார்பர்ட் ஓர் ஆட்டத்தில் முதல் பேஸில் நின்றான். இன்னொன்றில் கடைசி இரண்டு இன்னிங்ஸ் வீசினான். பேக்கரியில் டேரிலிடம் யாரும் காசு வாங்கவில்லை. பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அவன் பெயரைச் சொன்னார். "நம்ம டேரில்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஜூனில் அவனை என்னென்ன பெயர் சொல்லித் திட்டினார்களோ, அவர்களேதான்.

செப்டம்பரின் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தின ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு அரையிறுதி. தெற்கிலிருந்து வந்த ரோலண்ட் என்ற ஊரின் அணி. நார்பர்ட் தன் சட்டையை ரீட்டாவிடம் கொடுத்து இஸ்திரி போட்டுக் கொண்டு வந்திருந்தான். இந்த ஆட்டம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தான்.

"இன்னைக்கு டேரில் வீசட்டும்," என்றார் ஆம்புரோஸ். "நாளைக்கு இறுதி ஆட்டம் உனக்கு. இன்னைக்கு அவன் தடுமாறினா நீ உள்ள போகணும். தயாரா இரு."

"தடுமாறினாத்தான்," என்றான் நார்பர்ட்.

"அப்படி இல்லப்பா."

"எப்படி இல்ல?"

ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

டேரில் தடுமாறவில்லை. மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்தது, நான்காவது முடிந்தது. ரோலண்ட்காரர்கள் ஒருவர்கூட யாரிடமும் பிடிபடாத ஒரு ஹிட் அடித்து முதல் பேஸைத் தொடவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட் கொட்டகையில் ஒரு மாற்றம் வந்தது. டேரில் வந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் தண்ணீர்க் குவளையை யாரும் தொடவில்லை. எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள், சோள விலையைப் பற்றிப் பேசினார்கள். ஸ்கோர் பலகையில் எதிரணியின் ஹிட் வரிசையில் நின்ற பூஜ்யத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் ஒருவன் முடிப்பது வாழ்நாளில் ஒருமுறை நடந்தால் உண்டு. அது நடந்துகொண்டிருக்கும்போது வீசுகிறவனிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அவனிடம் எதைப் பற்றியும் பேசாமல் இருப்பது இன்னும் நல்லது. பேசினால் கெட்டுவிடும். மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள்கூட டக்-அவுட்டுக்குள் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

நார்பர்ட் ஒருமுறை ஏழு இன்னிங்ஸ் வரை அப்படிப் போயிருக்கிறான். பதினொரு வருடம் முன்பு. எட்டாவதில் ஒரு கிழட்டு மட்டையாளன் மட்டையின் நுனியில் பட்டு ஒன்றை அடித்துக் கெடுத்தான். அந்த ஆளின் முகம் இப்போதும் நார்பர்ட்டுக்குக் கனவில் வரும்.

ஏழாவது இன்னிங்ஸில்தான் அவன் அந்தக் கைதட்டலைக் கவனித்தான்.

ரோலண்ட் அணியின் பயிற்சியாளர் ஒருவர் முதல் பேஸுக்குப் பக்கத்தில் நின்று தன் மட்டையாளர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். டேரில் வளைபந்து வீசத் தயாராகும்போதெல்லாம் அவர் இரண்டு முறை கைதட்டினார். நேர்ப்பந்துக்குச் சும்மா நின்றார்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று நார்பர்ட் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டேரிலின் இடது கைச் சுட்டுவிரல் எப்போதும் கையுறைக்கு வெளியே இருக்கும். வளைபந்துக்குப் பிடியை மாற்றும்போது அந்த விரல் நிமிரும். நேர்ப்பந்துக்குப் படுத்தே கிடக்கும். முதல் பேஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்; எதைத் தேடுவது என்று தெரிந்தவனுக்கு மட்டை பிடிக்கிற இடத்திலிருந்தும் தெரியும். இரண்டு வருடம் முன்பே நார்பர்ட் அதைப் பார்த்துவிட்டான். டேரிலின் பந்தில் அவன் அடித்த நல்ல அடிகள் எல்லாம் அந்த விரலின் தயவில் வந்தவை. தன் அணிக்காரர்களிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை. "டேரில் பந்தை நார்ப் மட்டும் எப்படிடா படிக்கிறான்," என்று அவர்கள் வியப்பதைக் கேட்க அவனுக்குப் பிடித்திருந்தது.

டேரில் இந்த அணிக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று வாரம் போய்விட்டது.

கைதட்டல் கேட்ட முதல் பந்தை ரோலண்ட்காரன் ஓங்கி அடித்தான். நடு மைதானத்தில் நின்ற பையன் ஓடிப் பிடித்தான். இரண்டாவது கைதட்டலுக்குப் பந்து வேலிக்கு ஓரடி முன்னால் பிடிபட்டது. பலகைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். டேரில் நெற்றியைச் சுருக்கியபடி வந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான்.

நார்பர்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பேசக் கூடாது என்பதுதானே விதி. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் மூடிக்கொண்டிருக்கிறேன். யார் என்னைக் குறை சொல்ல முடியும்?

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மணிக்கட்டைச் சுழற்ற ஆரம்பித்தான்.

எட்டாவது இன்னிங்ஸ். கைதட்டல். மட்டையில் பட்ட பந்து மூன்றாவது பேஸுக்கு மேலே சீறிக்கொண்டு போனது. அங்கே நின்றவன் துள்ளினான். பந்து அவன் கையுறையை நோக்கிப் போன அந்த ஒரு நொடியில் நார்பர்ட், "மேல போ," என்றான். சத்தமாக அல்ல. ஆனால் உதடு அசைந்தது. பந்து பிடிபட்டது. டக்-அவுட்டே எழுந்து குதித்தது. நார்பர்ட் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

தன் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல், எதிரி அடித்த பந்து விழ வேண்டும் என்று கேட்டிருக்கிறான். 

அடுத்த இருவரும் எப்படியோ ஆட்டமிழந்தார்கள். டேரில் வந்து உட்கார்ந்தான். செயின்ட் லாம்பர்ட் இரண்டு ரன் முன்னால் இருந்தது. இன்னும் மூன்று பேரை வெளியேற்றினால் போதும்.

நார்பர்ட் எழுந்து பெஞ்சின் கோடிக்குப் போய் டேரிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். டக்-அவுட் அப்படியே உறைந்துபோனது. கேட்சர் மார்வின் கால் கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"நார்ப்," என்றான் மார்வின், தாழ்ந்த குரலில். "இங்க வா. இப்ப வா."

நார்பர்ட் அவன் பக்கம் திரும்பவில்லை.

"வளைபந்து போடும்போது உன் விரல் வெளிய நிமிருது," என்றான் டேரிலின் காதருகே. "முதல் பேஸ்ல நிக்கற ஆளு பாத்துட்டான். கைதட்டிச் சொல்றான். விரலை உள்ள போட்டுக்கோ."

டேரில் நேராக மைதானத்தையே பார்த்தான். "என்னைக் கெடுக்க வந்தீங்களா?"

"கைதட்டல் கேட்டியா இல்லையா?"

டேரில் கையுறையை எடுத்து மடியில் வைத்து, அந்த விரலைப் பார்த்தான். பிறகு மிக மெதுவாகக் கேட்டான்.

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

டேரில் அப்போதுதான் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நார்பர்ட்டுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சரி," என்றான் டேரில். விரலைக் கையுறைக்குள் நுழைத்துக்கொண்டு எழுந்து போனான்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் ஆளுக்குச் சொல்ல ரோலண்ட் பயிற்சியாளர் எதையும் காணாமல் தவித்தார். ஒருமுறை குருட்டாம்போக்கில் தட்டினார், வந்தது நேர்ப்பந்து. மட்டை சுற்றும் முன் அது கேட்சரிடம் போய்விட்டது. அந்த ஆள் ஆட்டமிழந்தான். இரண்டாமவன் தரையில் தட்டிவிட்டு முதல் பேஸில் வெளியேறினான். இன்னும் ஒருவன்தான். பலகைகளில் யாரும் உட்காரவில்லை.

மூன்றாமவன் ஒல்லியான, கண்ணாடி போட்ட பையன். டேரில் போட்டது அன்றைய நாளின் மிகச் சிறந்த நேர்ப்பந்து. பையனின் மட்டை இரண்டாக முறிந்தது. பந்து செத்துப்போனது போல எழுந்து, இரண்டாவது பேஸுக்கும் வலது மைதானத்துக்கும் நடுவில், ஓடி வந்த மூன்று பேருக்கும் எட்டாமல், புல்லில் மெத்தென்று விழுந்தது. முதல் ஹிட்.

விரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்த விதிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் டக்-அவுட்டில் இருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பி நார்பர்ட்டைப் பார்த்தன.

அவர்கள் பார்த்தபோது அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவனுக்கே பயமாக இருந்தது. ஏனென்றால் பந்து புல்லில் விழுந்தபோது, இவ்வளவுக்கும் பிறகும், நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது.

அடுத்தவனை டேரில் மூன்று பந்தில் முடித்தான். செயின்ட் லாம்பர்ட் இறுதி ஆட்டத்துக்குப் போனது. எல்லோரும் ஓடிப்போய் டேரிலைக் கட்டிக்கொண்டார்கள். மார்வின் திரும்பி வரும்போது நார்பர்ட்டின் முன்னால் நின்றான்.

"ஒரே ஒரு இன்னிங்ஸ், நார்ப். உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியல."

"அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்துச்சு."

"என்ன விஷயம்? சொல்லு, நாங்களும் கேக்கறோம்."

சொல்லியிருக்கலாம். ஆனால் வேலி ஓரத்தில் நாளைய எதிரணி உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. டேரில் நாளை ஓரிரு இன்னிங்ஸ் வீச வேண்டி வரலாம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. விரலைச் சொன்னால் அடுத்த கேள்வி டேரில் கேட்ட அதே கேள்வியாகத்தான் இருக்கும்.

"ஒண்ணுமில்ல," என்றான்.

மார்வின் காலடியில் துப்பிவிட்டுப் போனான்.

வண்டிகள் நிறுத்தும் புல்வெளியில் ரீட்டா காரின் பின்கதவைத் திறந்துவைத்து, உருளைக்கிழங்கு சாலட்டும் ரொட்டிக்குள் வைத்த சாஸேஜும் எடுத்துக்கொடுத்தாள். மற்ற குடும்பங்கள் பீப்பாயைச் சுற்றிக் கூட்டமாக நின்று பீர் குடித்துக்கொண்டிருந்தன. இவர்கள் பக்கம் யாரும் வரவில்லை.

"அவன்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

அவளிடம் மட்டும் சொன்னான். விரல், கைதட்டல், எல்லாம்.

"அப்ப நல்லதுதானே செஞ்சிருக்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லேன்."

"பொறாமையில செஞ்சேன்னு நினைக்கறாங்க. பொறாமையா இருந்தா நான் பேசாம இருந்திருப்பேனே."

ரீட்டா கரண்டியை டப்பாவில் வைத்தாள்.

"ரெண்டு இன்னிங்ஸ் பேசாமத்தான இருந்த," என்றாள். "நான் பந்தைப் பாக்கல, நார்ப். உன்னையேதான் பாத்துட்டிருந்தேன்."

அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் ஒரு காகிதத் துண்டை நனைத்து அவன் சட்டையில் விழுந்த கடுகுச் சாஸ் கறையைத் துடைத்துவிட்டாள். மறுநாள் அவன் அதைப் போட வேண்டும்.

மறுநாள் நார்பர்ட் நன்றாகத்தான் வீசினான். ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன். ஆனால் ஒருவன் நல்ல பந்து போட்டால் சுற்றி நிற்பவர்கள் ஏதாவது சொல்வார்கள். பேச்சு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. மார்வின் பந்தைத் திருப்பி எறிந்தான், அவ்வளவுதான். ஆறாவதில் தோள் சோர்ந்து மூன்று ரன் போனது. ஆம்புரோஸ் பந்து வீசும் மேட்டுக்கு வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

டக்-அவுட்டுக்கு நடந்து வந்தான். வருகிறவனின் முதுகில் தட்டுவது வழக்கம். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். டேரில் மட்டும் எழுந்து, தன் பையைப் பெஞ்சிலிருந்து நகர்த்தி இடம் செய்தான். ஐஸ் கட்டிய துணியை எடுத்துக் கொடுத்தான்.

"ஆம்புரோஸ்கிட்ட சொல்லிட்டேன்," என்றான்.

"எதுக்கு?"

"இவங்க உங்களைப் பாக்கற விதம் எனக்குப் பிடிக்கல."

நார்பர்ட் ஐஸைத் தோளில் வைத்து அழுத்தினான். எரிந்தது. அவ்வளவு தூரம் அடிக்கிறான், அவ்வளவு வேகம் வீசுகிறான். போதாதென்று இப்போது நல்லவனாகவும் இருக்கிறான். எதையாவது ஒன்றை இவன் எனக்கு விட்டுவைக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

"ஜூன்ல உன் விலாவுக்குப் போட்டேனே," என்றான். "வலிச்சுதா?"

"ரெண்டு வாரம் திரும்பிப் படுக்க முடியல."

"தடவிப் பாக்கல நீ."

"தடவக் கூடாதே."

இருவரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயின்ட் லாம்பர்ட் நான்குக்கு இரண்டு என்று தோற்றது.

எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது ஆம்புரோஸ் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் சொன்னான், நார்ப்."

"ம்."

"ரெண்டு வருஷமா தெரியுமா?"

"ஆமா."

"அவன் நம்ம சட்டையைப் போட்டு மூணு வாரம் ஆச்சு."

நார்பர்ட் பை ஜிப்பை இழுத்தான். அது பாதியில் மாட்டிக்கொண்டது.

"மத்தவங்ககிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன்," என்றார் ஆம்புரோஸ். "வர வழியில யோசிச்சேன். சொன்னா உனக்கு நல்லதா, இன்னும் கெட்டதான்னு எனக்கே பிடிபடல. நீ என்ன சொல்ற?"

"விட்டுடுங்க."

"அவங்க உன்னைப் பேசிட்டே இருப்பாங்க."

"பேசட்டும்."

ஆம்புரோஸ் குனிந்து ஜிப்பின் இடுக்கில் மாட்டியிருந்த துணியை விடுவித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தம் வந்தபோது டேரில் தொழில்முறை அணி ஒன்றில் கையெழுத்துப் போட்டு அயோவாவுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. நார்பர்ட் கோழித் தீவனம் வாங்க ஆம்புரோஸின் கடைக்குப் போன நாளில் அங்கே அதே பேச்சுதான். மார்வின் கல்லாவில் சாய்ந்து நின்று, அரையிறுதியைப் புதிதாக வந்த ஒருவருக்கு விவரித்துக்கொண்டிருந்தான். எட்டு இன்னிங்ஸ், ஒரு ஹிட்கூட இல்லை, அப்புறம் ஒரு ஆள் எழுந்து போய்ப் பக்கத்துல உக்காந்தான், என்றான். பெயர் சொல்லவில்லை. நார்பர்ட் உள்ளே வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

ஆம்புரோஸ் தராசிலிருந்து நிமிர்ந்து நார்பர்ட்டைப் பார்த்தார். நீ தலையாட்டினால் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. நார்பர்ட் மூட்டையைத் தூக்கி நல்ல தோளில் வைத்துக்கொண்டான்.

"சரியான பொறாமை பிடிச்சவன்," என்று யாரோ சொன்னது, கதவு சாத்திக்கொள்வதற்கு முன்னால் அவன் காதில் விழுந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லாததால் அவன் திரும்பிப் பார்க்காமல் லாரிக்கு நடந்தான்.